மூன்று தண்டு, ஒரு தட்டு: மாடி ஆர்க்கிட்டில் இக்கெபானா

பூ என்றால் நெருக்கிக் கட்டித்தான் நமக்குப் பழக்கம். கொஞ்சம் இடைவெளி விட்டுக் கட்டினால் அம்மா சரத்தைப் பிரித்துக் கையில் கொடுத்துவிடுவார். ஜப்பானின் பூ அடுக்கும் கலையான இக்கெபானா இதற்கு நேர் எதிர். அங்கே வெற்றிடம்தான் பாதி வேலை. கியோத்தோவின் ரொக்காகுதோ கோயிலைச் சேர்ந்த இகெனோபோ மரபைப் பற்றி 1462-இலேயே குறிப்பு இருக்கிறது. நாம் செய்யப்போவது, 1927-இல் தொடங்கிய சோகெட்சு பள்ளியின் முதல் பாடத்தை ஒட்டியது.

முதலில் செடி. டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வகையை வாங்குங்கள், நம் வெக்கையைத் தாங்கும். மண் மட்டும் வேண்டாம். என் முதல் செடியைச் செம்மண்ணில் நட்டு, ஒரே மாதத்தில் வேரை அழுகவிட்டேன். ஓட்டை நிறைய உள்ள தொட்டியில் அடுப்புக்கரி, செங்கல் துண்டு, தேங்காய் மட்டை போட்டால் போதும். வைக்கும் இடம் நிழல் வலைக்கு அடியில். வேர் வெளுத்திருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள்; பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

கொத்தில் முக்கால்வாசிப் பூ விரிந்த பிறகு வெட்டுங்கள். மொட்டாக வெட்டினால் பெரும்பாலும் விரியாது.

இனி அடுக்குவது. ஆழமில்லாத அகலத் தட்டு ஒன்று, கென்சான் ஒன்று. கென்சான் என்பது பித்தளை ஊசிகள் நட்ட கனமான உலோகக் கட்டை. அதைத் தட்டின் நடுவில் வைக்காதீர்கள், ஓரமாகத் தள்ளி வையுங்கள். ஊசிகள் மூழ்கும்வரை தண்ணீர் விடுங்கள்.

தட்டின் அகலம் 24 செ.மீ., உயரம் 6 செ.மீ. என்றால் கூட்டினால் 30. அதன் ஒன்றரை மடங்கு, 45 செ.மீ., முதல் தண்டு. இதன் பெயர் ஷின். அதில் முக்கால், சுமார் 34 செ.மீ., சோஎ. அதிலும் முக்கால், 25 செ.மீ., ஹிகாஎ. முதல் இரண்டுக்கும் கொய்யாக் கிளை, மூன்றாவதற்கு நம் ஆர்க்கிட். தண்டின் அடியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தியே நறுக்குங்கள், காற்று புகாது.

ஷின்னை நேராகக் குத்தி, அப்புறம் 15 பாகை இடப்பக்கம் முன்னோக்கிச் சாயுங்கள். சோஎ அதே பக்கம் 45 பாகை. ஆர்க்கிட் வலப்பக்கம் முன்னோக்கி 75 பாகை, கிட்டத்தட்ட தட்டின் மேல் படுத்த மாதிரி.

இங்கேதான் நிதானம் தேவை. போனை வேறு அறையில் போட்டுவிட்டு, கிளையைக் கையில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். எந்த இலை இன்னொன்றை மறைக்கிறது? அதைக் கிள்ளுங்கள். மறுபடி பாருங்கள். நான் ஒரு கொய்யாக் கிளையோடு இருபது நிமிடம் உட்கார்ந்து, கடைசியில் ஐந்து இலை மட்டும் விட்டேன். வலப்பக்கம் வெறிச்சென்று இருக்கிறதே என்று இன்னொரு பூவைச் சொருகக் கை துறுதுறுக்கும். சொருகாதீர்கள்.

தினமும் தண்ணீர் மாற்றுங்கள். செடியில் பூத்து முடிந்த பழைய தண்டை வெட்டிவிடாதீர்கள், அதிலேயே மறுபடி பூக்கலாம்.