இணைக் கணிமையை வகுப்புக்குக் கொண்டுபோகும்போது நாம் செய்யும் தவறுகள்

ஆசிரியர்களுக்கான பயிலரங்கில் நான் நடத்திய முதல் வகுப்பு அது. ஒரு வேலையைப் பங்குகளாக்கி ஒரே நேரத்தில் செய்விப்பதுதான் இணைக் கணிமை; நிரலுக்குள் அப்படி ஓடும் ஒவ்வொரு பங்கும் ஓர் இழை. நிரலை ஒரே இழையில் ஓட்டிக் காட்டினேன், நான்கு வினாடி. நான்கு இழைகளாகப் பிரித்து மறுபடி ஓட்டினேன், நான்கரை வினாடி. “இதற்குத்தானா ஐயா இவ்வளவு பாடு?” என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். நிரலில் பிழை இல்லை, நான் நேரம் பார்த்த கடிகாரத்தில்தான் பிழை. சி மொழியின் ‘கிளாக்’ செயற்கூறு, லினக்ஸில், செயலிக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் அலகுகளான கோர்கள் எல்லாம் உழைத்த நேரத்தைக் கூட்டிச் சொல்லும். நான்கு பேர் ஒரு நாள் உழைத்தால் நான்கு ஆள்கூலி என்று எழுதும் மேஸ்திரியின் கணக்கு அது. வீட்டுக்காரருக்கு வேண்டியதோ வேலை எத்தனை நாளில் முடிந்தது என்பதுதான். நிரலை இழைகளாகப் பிரிக்க உதவும் ஓப்பன்எம்பியில் அந்தச் சுவர்க்கடிகார நேரத்தைத் தருவதற்கென்றே தனிச் செயற்கூறு இருக்கிறது. அன்று எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

பைத்தானில் கற்பிப்பவர்களுக்கு இதே அவமானம் வேறு வாசல் வழியாக வரும். வழக்கமான பைத்தானின் உள்ளே ஒரு பூட்டு உண்டு. ஒரு சமயத்தில் ஓர் இழை மட்டுமே பைத்தான் கட்டளைகளை நிறைவேற்றும். ஆகவே, கனமான கணக்குகளை இழைகளாகப் பிரித்தால் வேகம் கூடாது. ஒவ்வொன்றும் தனி நிரல்போல ஓடும் செயல்முறைகளாகப் பிரிக்க வேண்டும்.

இவற்றுக்கும் முன்னால், பெயரிலேயே ஒரு குழப்பம் தொடங்குகிறது. கணினி அறிவியலும் கணிமை அறிவியலும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதால், இரண்டையும் கணினித் துறை ஆசிரியரிடமே ஒப்படைத்துவிடுகிறோம். கணிமை அறிவியல் என்பது இயற்பியல், வேதியியல், உயிரியல் கேள்விகளுக்குக் கணக்குப் போட்டு விடை தேடுவது. இயற்பியல் ஆசிரியர் இல்லாத பயிலரங்கில் மிஞ்சுவது நிரல் மட்டும்தான், கேள்வி இருக்காது. இதற்கெனத் தனிக் கணினி வாங்கினால்தான் முடியும் என்று தொடங்குவதும் ஒரு தவறுதான். 2005 வாக்கிலிருந்தே சாதாரணக் கணினிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட கோர்கள் வரத் தொடங்கிவிட்டன. இன்று மாணவரின் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியிலேயே பெரும்பாலும் எட்டு இருக்கும்.

அடுத்தது, “நான்கு கோர் என்றால் நான்கு மடங்கு வேகம்” என்று வாக்குக் கொடுத்துவிடுவது. 1967-இல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்தால் இதற்கு ஒரு வரம்பைச் சுட்டிக்காட்டினார். ஆசிரியர்களுக்கு இதைச் சூத்திரமாகச் சொல்லத் தேவையில்லை, விடைத்தாள் திருத்தும் முகாம் போதும். விடைக்குறிப்பை வாசித்து எல்லோரும் ஒத்துக்கொள்ள 10 நிமிடம். திருத்துவதற்கு, ஒரே ஆள் என்றால், 90 நிமிடம். ஒன்பது பேர் உட்கார்ந்தால் மொத்தம் 20 நிமிடம், அதாவது ஐந்து மடங்கு வேகம். தொண்ணூறு பேர் உட்கார்ந்தாலும் 11 நிமிடம் ஆகும். வேகம் ஒன்பது மடங்குதான். அந்த 10 நிமிடத்தை எவராலும் பங்கு போட முடியாது.

இதோடு நிறுத்திவிடுவதும் தவறுதான். பலர் அப்படித்தான் நிறுத்துகிறார்கள். தாள்கள் பத்து மடங்கானால் தனியாளுக்கு 910 நிமிடம் ஆகும், தொண்ணூறு பேருக்கு 20 நிமிடம் போதும். இப்போது வேகம் நாற்பத்தைந்து மடங்கு! வேலை பெருகினால் வரம்பும் விலகும் என்பதைக் கணினி அறிவியலாளர் ஜான் கஸ்டாஃப்சன் 1988-இல் எடுத்துரைத்தார். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் 1024 செயலிகள் கொண்ட கணினியில் அவர் குழுவினர் ஆயிரம் மடங்குக்கு மேல் வேகம் காட்டியிருந்தார்கள்.

வேகத்தை விட்டுவிட்டு விடைக்கு வருவோம். இரண்டு இழைகள், ஒரே மாறி, ஒவ்வோர் இழையும் அதில் ஒன்றைக் கூட்டுகிறது. கரும்பலகையில் 7 என்று எழுதி இரண்டு மாணவர்களை அழையுங்கள். இருவரும் 7-ஐப் பார்க்கிறார்கள், இருவரும் மனத்துக்குள் ஒன்றைக் கூட்டுகிறார்கள், இருவரும் 8 என்று எழுதுகிறார்கள். வர வேண்டியது 9. இதுவரை பெரும்பாலானோர் சரியாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். பிறகு கணினியில் நூறு முறை கூட்டிப் பார்க்கச் சொல்வார்கள், விடை 200 என்று சரியாக வந்து நிற்கும். இரண்டாம் இழை கண் விழிப்பதற்குள் முதல் இழை வேலையை முடித்துவிட்டிருக்கும். அதனால் பத்து லட்சம் முறை கூட்டச் சொல்லுங்கள். மொழிமாற்றி (கம்பைலர்) நிரலை வேகப்படுத்தச் செய்யும் மேம்படுத்தலையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் அது மொத்தச் சுழற்சியையும் ஒரே கூட்டலாகச் சுருக்கிப் பிழையை ஒளித்துவிடக்கூடும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விடை வருவதை மாணவர்கள் கண்ணால் பார்த்த பிறகு, ஒரு சமயத்தில் ஓர் இழையை மட்டும் மாறியைத் தொடவிடும் பூட்டு பற்றிப் பேசலாம். ஒவ்வொரு கூட்டலுக்கும் பூட்டுப் போட்டால் விடை சரியாகும், ஆனால் ஒற்றை இழையைவிட மெதுவாகிவிடும். ஆளுக்கொரு துணைக்கூட்டலை வைத்துக்கொண்டு கடைசியில் ஒன்று சேர்ப்பதே வழி.

அங்கே தசம எண்கள் வந்தால் இன்னொரு சிக்கல். கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கங்களும் மாறலாம். ஓர் இழையின் விடையும் நான்கு இழைகளின் விடையும் முழுக்க ஒத்துப்போக வேண்டும் என்று கேட்டு, சரியாக எழுதிய மாணவருக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். எவ்வளவு வேறுபாடு வரை ஏற்கலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

சதுரத்துக்குள் சமவாய்ப்பு முறையில் புள்ளிகளைத் தூவி, அதனுள் வரைந்த வட்டத்துக்குள் விழுந்தவற்றை எண்ணி, பை மதிப்பைக் கணிப்பது எல்லோரும் கொடுக்கும் பயிற்சி. நல்ல பயிற்சிதான். பத்தாயிரம் புள்ளிக்குப் பிழை சுமார் 0.016, அதைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க நூறு மடங்கு புள்ளிகள் வேண்டும். கணினி தன் சமவாய்ப்பு எண்களை ஒரு தொடக்க எண்ணிலிருந்து உருவாக்குகிறது. நான்கு செயல்முறைகளுக்கும் ஒரே தொடக்க எண்ணைக் கொடுத்துவிட்டால், நான்கும் அதே புள்ளிகளையே தூவும். நான்கு விடைகளும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருப்பதைப் பார்த்து வகுப்பே மகிழும். ஒரே மாணவரிடம் நான்கு முறை கேட்டுவிட்டு நான்கு சாட்சி என்று எழுதிக்கொள்வது போன்றது அது.

கணிமை அறிவியலில் எனக்குப் பிடித்த பாடம், வானிலையைக் கணக்குப் போட்டுக் கணிக்க முயன்ற ஆங்கிலேய அறிவியலாளர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சனுடையது. 1910 மே 20-ஆம் நாளுக்கு, நடு ஐரோப்பாவில் ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்று கையாலேயே கணக்கிட்டார். கிடைத்த விடை 145 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு). உண்மையில் அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. தொடக்கத் தரவில் காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று இசையாமல் இருந்ததே காரணம்; அந்தத் தரவைச் சீராக்கினால் அதே முறை ஏற்கத்தக்க விடை தருகிறது என்பது வெகுகாலம் கழித்துத் தெரியவந்தது. இவரே 1922-இல் 64,000 மனிதர்கள் ஒரு பெருங்கூடத்தில் உட்கார்ந்து உலக வானிலையைக் கணக்கிடுவதாகக் கற்பனை செய்தவர். முந்தி ஓடுவோர்மீது சிவந்த ஒளியும் பின்தங்குவோர்மீது நீல ஒளியும் பாய்ச்ச நடுவில் ஒரு மேற்பார்வையாளர். வேலைப் பகிர்வைக் கற்பிக்க இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கூடத்தை மட்டும் காட்டிவிட்டு 145-ஐச் சொல்லாமல் விடுவது மாணவருக்குச் செய்யும் அநியாயம். சுருள்வில்லின் அசைவைக் கணிக்கும் சின்ன நிரலிலும், கால இடைவெளியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். விடை பெரிதாக மாறினால் முதல் விடையை நம்ப முடியாது.

மதிப்பீட்டில் நான் இப்போது நிரலை மட்டும் கேட்பதில்லை. ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு இழைகளுக்கான நேரத்தை ரெக்கார்டு நோட்டில் வரைபடமாக வரைந்து, வளைவு எங்கே, ஏன் படுத்துவிட்டது என்று எழுதச் சொல்கிறேன். மடிக்கணினி மின்கலத்தில் ஓடியதால் வேகம் குறைந்தது என்று ஒரு மாணவி எழுதியிருந்தார். முழு மதிப்பெண் கொடுத்தேன். வேகம் 2, 4, 8 மடங்கு என்று அச்சடித்தாற்போல் எழுதிக்கொண்டு வருபவரை மட்டும், என் முன்னால் இன்னொரு முறை ஓட்டிக் காட்டச் சொல்கிறேன்.