மனை பிரிக்கும் முன் கானாற்றைப் பாருங்கள்: வேலூர்ப் பக்கம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டா சரி, வில்லங்கம் இல்லை, விலையும் படிகிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் மனை வாங்குகிற பலர் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தண்ணீர் எங்கிருந்து வரும், எங்கே வடியும் என்ற கேள்வி கிரயம் முடிந்து போர் போட்ட பிறகுதான் எழுகிறது.

பெரிய தவறு, அந்த நிலத்திலும் பக்கத்திலும் முன்பு என்ன நடந்தது என்று விசாரிக்காதது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் இந்த வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பாழானதை உச்ச நீதிமன்றமே 1996 தீர்ப்பில் எடுத்துச் சொன்னது. விளையாத நிலம் மனையாகத்தான் விலைபோகும். ஆறு, ஏரிகளிலிருந்து 1 கி.மீ.க்குள் இத்தகைய தொழில் கூடாது என்ற 1989 அரசாணை, தொழிற்சாலையை நீர்நிலையிலிருந்து தள்ளி வைக்கிறது. வீடுகள் தொழிற்சாலையை நெருங்கிப் போவதைத் தடுப்பது முழுமைத் திட்டமும் (மாஸ்டர் பிளான்) மனைப்பிரிவு அனுமதியும்தான். அங்கே கண்டிப்பு தளர்ந்தால் அரசாணையால் பயனில்லை.

டி.டி.எஸ். மீட்டரை நம்பிக் குடிப்பதும் இதைச் சேர்ந்ததுதான். அது மொத்தக் கரைபொருளின் உத்தேச அளவைத்தான் காட்டும். தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்துக்குக் குடிநீரில் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அதைப் பலமடங்கு தாண்டினாலும் மீட்டரில் தெரியாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், குரோமியம் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் ஏறும். ஆய்வகத்தில் 'குரோமியம் பார்க்க வேண்டும்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கோடையில் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை.

அடுத்தது, மழைக்கு மட்டும் ஓடி மற்ற நாளில் காய்ந்து கிடக்கும் கானாற்றை வெறும் பள்ளமென்று நினைத்து மண்கொட்டி மூடுவது. பாலாறே பல வருடம் மணலாகக் கிடந்து, 2021 நவம்பரில் கரைபுரண்டது. ஏரி நிரம்பிக் கோடி போகும்போது தண்ணீர் தன் பழைய வழியைத்தான் தேடும். வழியில் வீடிருந்தால் கழிவுநீர்த் தொட்டி நிரம்பிக் கிணற்றில் கலக்கும், வயிற்றுப்போக்கு தொடங்கும். நேரில் பார்த்தால் மட்டும் போதாது. புல வரைபடத்தையும், நிலத்தின் வகையைச் சொல்லும் கிராம 'அ' பதிவேட்டையும் வாங்கி, ஓடை, வரத்துக் கால்வாய், ஏரிப் புறம்போக்கு என்று அருகே எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று சர்வே எண் வாரியாகப் பாருங்கள்.

சிறு மனைகளில் இன்னொரு சிக்கல்: உங்கள் போர்வெல் உங்கள் கழிவுநீர்த் தொட்டிக்கு 15 மீட்டர் தள்ளியிருக்கும், பக்கத்து வீட்டுத் தொட்டிக்கு மூன்று மீட்டரில் இருக்கும். இங்கே அடியில் வெடிப்புள்ள பாறை. மண்ணைப்போல் அது வடிகட்டாது, வெடிப்பு வழியே கழிவு நேராக இறங்கும். 15 மீட்டர்கூடக் குறைந்தபட்சம்தான். அடிப்பக்கம் திறந்த உறைத்தொட்டி வேண்டாம். 30×40 அடி மனைகளில் வீட்டுக்கொரு போர் என்பதை விட்டு, மேட்டில் பொதுக் கிணறு, தாழ்வில் பொதுக் கழிவு சுத்திகரிப்பு என்று வரைபடத்திலேயே ஒதுக்குவது நல்லது.

பூங்கா இடம் பற்றியும் ஒரு வார்த்தை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாகத் தர வேண்டும். பெரும்பாலும் யாருக்கும் ஆகாத மூலையைத் தள்ளிவிடுவார்கள். குப்பையும் டயரும் சேர்ந்து, மழைநீர் தேங்கி டெங்கு கொசு வளர்வதும் அங்கேதான். மே மாத வேலூர் வெயிலில் புங்கனும் வேம்பும் நிழல் தர வேண்டிய இடம் அது. மனைகளின் நடுவில் இருக்கிறதா, தானப்பத்திரம் பதிவாகிவிட்டதா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேளுங்கள்.