நீதியரசரை நீக்கும் செய்தி வந்தால் அதை வாசிக்கும் முறை

2013இல் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவைப் பதவி நீக்கிய கதையைப் படிப்பிக்கும்போது உயர்தர வகுப்புப் பிள்ளைகள் முதலில் கேட்பது, "சேர், அவர் நல்லவரா, கெட்டவரா?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள் என்பேன். திருகோணமலையில் நெடுங்காலம் அரசறிவியல் படிப்பித்தவன் நான். இப்படியான செய்தி இனியும் வரும். வரும்போது கட்சிக்காரர் பேச்சில் இழுபட்டுப் போகாமல் அதை எப்படிப் பின்தொடர்வது என்று, வகுப்பில் சொல்லிக்கொடுத்த முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில், எந்த நீதிமன்றத்து நீதிபதி என்று பாருங்கள். எங்கள் ஊர் நீதவானோ மாவட்ட நீதிபதியோ என்றால் அது நீதிச்சேவை ஆணைக்குழுவின் அலுவல். பாராளுமன்றம் அங்கே வராது. உயர் நீதிமன்ற நீதியரசர்களும் மேன்முறையீட்டு நீதிமன்ற நீதியரசர்களும்தான் அரசியலமைப்பின் 107ஆம் உறுப்புரைக்குள் வருகிறார்கள். இடமாற்றம், இராஜினாமா, ஓய்வு எல்லாம் வேறு வேறு. பத்திரிகைத் தலைப்பு இவை எல்லாவற்றையும் "நீக்கம்" என்றே போட்டுவிடும்.

அடுத்து அந்த 107ஆம் உறுப்புரையை நீங்களே வாசியுங்கள். தமிழில் கிடைக்கிறது, ஒரு பக்கம்கூட வராது. காரணம் எண்பிக்கப்பட்ட துர்நடத்தை அல்லது இயலாமையாக இருக்க வேண்டும். குற்றச்சாட்டுகளின் முழு விபரத்தோடு மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கையெழுத்திட வேண்டும். 225 பேர் கொண்ட சபையில் அது 75. பிறகு, வராதவர்களையும் சேர்த்து எண்ணி மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும், அதாவது 113. அதன் பிறகே ஜனாதிபதியின் கட்டளை. இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனித்தான் முக்கியமான இடம். "எண்பிக்கப்பட்ட" என்றால் யார் எண்பிப்பது? விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்பதைச் சட்டத்தால் அல்லது நிலையியற் கட்டளைகளால் (சபை தன் அலுவல்களை நடத்தத் தானே வகுத்துக்கொள்ளும் விதிகள்) பாராளுமன்றம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அதே உறுப்புரை சொல்கிறது. பாராளுமன்றம் தேர்ந்தெடுத்தது நிலையியற் கட்டளையை. 1984இல் பிரதம நீதியரசர் நெவில் சமரக்கோன் ஒரு பரிசளிப்பு விழாவில் அரசாங்கத்தை விமர்சித்துப் பேசியபோது, அவரை விசாரிப்பதற்காக 78அ என்ற கட்டளை அவசரமாக உருவானது. விசாரணை முடியும் முன்பே அவர் 65 வயதில் ஓய்வு பெற்றுவிட்டார், கட்டளை மட்டும் நிலைத்துவிட்டது. அதன்படி விசாரிப்பது உறுப்பினர்களைக் கொண்ட தெரிவுக்குழு.

அது எப்படி வேலை செய்யும் என்பதை 2012இல் பார்த்தோம். பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவின் விடயத்தை நான் விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. அது எங்கள் ஊரையும் தொட்ட கதை. சமுர்த்தி உள்ளிட்ட அதிகாரசபைகளை ஒன்றாக்கும் திவிநெகும சட்டமூலத்துக்கு எல்லா மாகாண சபைகளின் கருத்தையும் பெற வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. இங்கே திருகோணமலையில் கூடும் கிழக்கு மாகாண சபை உட்பட எட்டுச் சபைகள் இணங்கின. வடக்கில் அப்போது தெரிவு செய்யப்பட்ட சபையே இல்லை. ஆளுநர் இணக்கம் தெரிவித்தார். சபை இல்லாத இடத்தில் ஆளுநரின் இணக்கம் செல்லாது என்று நீதிமன்றம் தீர்மானித்தது. அந்தத் தீர்மானம் பாராளுமன்றத்துக்கு வந்த நாட்களிலேயே, 2012 நவம்பர் 1ஆம் திகதி, 117 பேர் கையெழுத்திட்ட பிரேரணை 14 குற்றச்சாட்டுகளோடு சபாநாயகர் சமல் ராஜபக்சவின் கைக்குப் போனது.

இப்போது தாளில் உள்ள எண்களோடு ஒப்பிடுங்கள். கையெழுத்துக்குத் தேவை 75, நீக்கத்துக்குத் தேவை 113, கையெழுத்திட்டவர்கள் 117. விசாரணை தொடங்கும் முன்பே முடிவுக்குத் தேவையானதை விடக் கூடுதலான பேர் ஒரு பக்கம் நின்றுவிட்டார்கள்.

தெரிவுக்குழுவில் 11 பேர்: அரசாங்கத் தரப்பில் ஏழு, எதிர்த்தரப்பில் நான்கு. அந்த நால்வரில் ஒருவர் அப்போதைய எங்கள் மாவட்ட உறுப்பினர் சம்பந்தன் ஐயா. ஏறக்குறைய ஆயிரம் பக்க ஆவணங்களைத் தந்து மறுநாளே பதில் கேட்டார்கள் என்பது நீதியரசர் தரப்பின் முறைப்பாடு. டிசம்பர் 6ஆம் திகதி அவர் வெளிநடப்புச் செய்தார். அடுத்த நாள் எதிர்த்தரப்பு நால்வரும் விலகினார்கள். அதற்கடுத்த நாளே அறிக்கை வந்துவிட்டது: முதல் ஐந்து குற்றச்சாட்டுகளில் மூன்று எண்பிக்கப்பட்டனவாம். ஆகவே திகதிகளை எழுதும்போது இடைவெளியையும் எழுதுங்கள். குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல எத்தனை நாள், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய முடிந்ததா, யார் இல்லாதபோது சாட்சிகள் அழைக்கப்பட்டார்கள் என்பதில்தான் விசாரணையின் உண்மை தெரியும்.

பிறகு நீதிமன்றங்களின் பங்கு. 2013 ஜனவரி தொடக்கத்தில் உயர் நீதிமன்றம், ஒரு நீதியரசரின் குற்றத்தைத் தீர்மானிக்கும் அதிகாரத்தைச் சட்டத்தால் மட்டுமே கொடுக்கலாம், நிலையியற் கட்டளை சட்டம் ஆகாது என்று பொருள்கோடல் செய்தது. அதைக் கொண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் ஜனவரி 7ஆம் திகதி அறிக்கையை எழுத்தாணை மூலம் இரத்துச் செய்தது. அரசாங்கத்தின் வாதத்தையும் நேர்மையாக எழுதிக்கொள்ளுங்கள்: நீதித்துறை அதிகாரமும் மக்களுடையதே, பாராளுமன்றத்தின் சிறப்புரிமை சார்ந்த விடயங்களில் அதைப் பாராளுமன்றமே நேரடியாகச் செலுத்தலாம் என்று 4ஆம் உறுப்புரை சொல்கிறது, நீதிமன்றம் இதில் தலையிட முடியாது. இது வெறும் சாக்கு அல்ல, யோசிக்க வேண்டிய வாதம். என் கணிப்பில் அது இந்த இடத்துக்குப் பொருந்தாது. குற்றம் சாட்டுபவரும் விசாரிப்பவரும் தீர்ப்பளிப்பவரும் ஒரே அவையாக இருந்தால் எண்பித்தல் என்ற நிபந்தனைக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது.

அறிக்கையை இரத்துச் செய்த தீர்ப்பைப் பாராளுமன்றம் பொருட்படுத்தவில்லை. ஜனவரி 11ஆம் திகதி 155க்கு 49 என்று வாக்களித்தது. சட்டத்தரணிகள் நாடு முழுக்கப் பணிப்பகிஷ்கரிப்புச் செய்தார்கள். 13ஆம் திகதி மகிந்த ராஜபக்ச கையெழுத்திட்டார், 15ஆம் திகதி முன்னாள் சட்டமா அதிபர் மொஹான் பீரிஸ் பதவியேற்றார். 2014இல் உயர் நீதிமன்றமே மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் எழுத்தாணையைத் தள்ளியது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும், நீக்கம் சட்டப்படி நடக்காததால் அந்தப் பதவி வெற்றிடமாகவே இல்லை என்று சொல்லி ஷிராணி பண்டாரநாயக்கவைத் திரும்ப அழைத்தார்கள். அவர் மறுநாளே ஓய்வு பெற, க. ஸ்ரீபவன் பிரதம நீதியரசரானார். திரும்ப அழைத்ததும் ஒரு நிறைவேற்று முடிவுதான், நீதிமன்றத் தீர்ப்பல்ல. அவருக்கு நியாயம் கிடைத்தது என்று மகிழ்ந்தவர்களும் இதைக் குறித்துவைக்க வேண்டும்.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வரலாம். நல்லவரா? ஜனாதிபதியின் பதவிக்கால வரம்பை நீக்கிய 18ஆம் திருத்தத்துக்குச் சர்வசன வாக்கெடுப்பு தேவையில்லை என்று 2010இல் சொன்ன ஐவர் ஆயத்துக்குத் தலைமை தாங்கியவரும் இதே ஷிராணி பண்டாரநாயக்கதான். மறுபக்கம், 2006 ஒக்டோபரில் வடக்கு கிழக்கு இணைப்புச் செல்லாது என்று தீர்ப்பு வந்தபோது பிரதம நீதியரசராக இருந்தவர் சரத் என். சில்வா. இணைந்த மாகாணத்தின் தலைநகராக இருந்த எங்கள் ஊரில் அந்தத் தீர்ப்பின் வலி இன்னும் இருக்கிறது. அவருக்கு எதிராகவும் 2001இலும் 2003இலும் பிரேரணைகள் வந்தன, முடிவுக்கு வரவில்லை. அவர் மீது எனக்குக் கோபம் உண்டு. இருந்தாலும் அவரை 117 பேரின் கையெழுத்தாலும் அவசர விசாரணையாலும் நீக்கியிருந்தால் அதுவும் பிழைதான். எங்களுக்குப் பிடிக்காத நீதியரசரின் பெயரை அந்த இடத்தில் போட்டுப் பார்த்து, அப்போதும் இந்த விசாரணை நியாயமாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். வகுப்பில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவதும் சண்டை பிடிப்பதும் இந்த இடத்தில்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு உதாரணங்கள் கையில் இருக்கட்டும். இந்தியாவில் 1968இலேயே நீதிபதிகள் விசாரணைச் சட்டம் உண்டு. நீதிபதிகள் இருவரும் ஒரு சட்ட அறிஞரும் முதலில் விசாரிப்பார்கள். இங்கேயும் சட்டமா அதிபரையும் பொலிஸ் மா அதிபரையும் நீக்க 2002ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2025இல் பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னக்கோனை அதன்படிதான், உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவரின் தலைமையிலான குழு விசாரித்தது. பிறகு பாராளுமன்றம் 177 வாக்குகளால், எதிர் வாக்கே இல்லாமல், நீக்கியது. பொலிஸ் மா அதிபருக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, 2012இல் பிரதம நீதியரசருக்குக் கிடைக்கவில்லை.

விவாதத்தை ஹன்சாட்டில், அதாவது பாராளுமன்றப் பேச்சுகளின் அதிகாரபூர்வ அறிக்கையில், வாசியுங்கள். பேசிய மொழியிலேயே அச்சாவதால் பாதி சிங்களத்தில் இருக்கும். திருகோணமலையில் சிங்களம் தெரிந்த அயலவர் கிடைப்பது கஷ்டமல்ல, சேர்ந்திருந்து வாசியுங்கள். அதே பேச்சை அவர் வேறு விதமாகக் கேட்பதும் தெரியவரும்.

தேர்தல் வரும்போது, எங்கள் மாவட்டத்தின் நான்கு ஆசனங்களுக்கு வாக்குக் கேட்டு வருபவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: 107ஆம் உறுப்புரையின் கீழ், நீதியரசர்களை விசாரிக்கப் பாராளுமன்றத்துக்கு வெளியே ஒரு குழுவை அமைக்கும் சட்டத்துக்கு வாக்களிப்பீர்களா? பதிலைத் திகதியோடு எழுதிவையுங்கள்.