எச்.எல்.ஏ.-பி27 பரிசோதனை முடிவைப் படிப்பது எப்படி?

நாட்பட்ட முதுகுவலிக்காக மருத்துவரைப் பார்க்கச் செல்லும் இளைஞர்களுக்கு இன்று பெரும்பாலும் எழுதித் தரப்படும் ரத்தப் பரிசோதனைகளில் ஒன்று எச்.எல்.ஏ.-பி27. சில நாள்களில் வரும் அறிக்கையில் ‘பாசிட்டிவ்’ அல்லது ‘நெகட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கும். அதை நோயின் பெயராகவே எடுத்துக்கொண்டு உறக்கம் இழப்பவர்கள் இருக்கிறார்கள். நோயில்லை என்ற சான்றாக எடுத்துக்கொண்டு வலியோடு பல ஆண்டுகளைக் கழிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு வாசிப்பும் தவறானவை. இந்தப் பரிசோதனை ஒரு மரபணு வகை உடலில் இருக்கிறதா என்பதை மட்டுமே சொல்கிறது. நோய் இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை, அந்த முடிவையும் நோயாளியின் வலி நடந்துகொள்ளும் விதத்தையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் கிடைக்கிறது.

அறிக்கைக்கு முன்பு வலியைப் படியுங்கள்

இந்த மரபணுவோடு மிக நெருங்கிய தொடர்புடைய நோய் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் எனப்படும் முதுகெலும்பு அழற்சி. முதுகெலும்பின் அடியில் இடுப்பெலும்பும் திருவெலும்பும் சேரும் மூட்டுகளில் தொடங்கும் இந்த அழற்சி, சிலரிடம் பல ஆண்டுகளில் முதுகெலும்புகளை ஒன்றோடொன்று இணைத்து, வளையாத ஒரே தண்டாக இறுக்கிவிடுகிறது.

அழற்சியால் வரும் முதுகுவலிக்குத் தனிக் குணங்கள் உண்டு. அது பெரும்பாலும் 40 வயதுக்குள், எந்த அடியோ சுமையோ காரணமாக இல்லாமல் மெல்ல மெல்லத் தொடங்கி, மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும். படுத்து ஓய்வெடுத்தால் குறையாது. எழுந்து நடமாடினால், உடற்பயிற்சி செய்தால் குறையும். இரவின் பிற்பகுதியில் வலி எழுப்பிவிடும். காலையில் முதுகு அரை மணி நேரத்துக்கும் மேலாக விறைத்திருக்கும். புட்டத்தின் ஒரு பக்கம் சில நாள், மறுபக்கம் சில நாள் என வலி மாறி மாறி வருவதும் ஒரு முக்கியமான அடையாளம். நாள் முழுவதும் உட்கார்ந்து வேலை செய்து, மாலையில் கூடி, படுத்ததும் அடங்கும் வலி இந்த வகையைச் சேர்ந்ததன்று.

முதுகுக்கு வெளியிலும் தடயங்கள் இருக்கும். குதிகாலில் தசைநாண் எலும்போடு சேரும் இடத்தில் வலி, கால் மூட்டுகளில் வீக்கம், சொரியாசிஸ், நாட்பட்ட குடல் அழற்சி, குடும்பத்தில் வேறொருவருக்கு இதே நோய் ஆகியவற்றை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டும். கண்ணில் தெரியும் தடயத்தை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. ஒரு கண் திடீரெனச் சிவந்து, வலித்து, வெளிச்சத்தைக் கண்டு கூசினால் அது யுவியைட்டிஸ் என்னும் கண் உள் அழற்சியாக இருக்கலாம். அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும், மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டு நாள் கடத்தக் கூடாது.

அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது

எந்த முறையில் பரிசோதித்தார்கள் என்பதைப் பாருங்கள். ஃப்ளோ சைட்டோமெட்ரி முறை வெள்ளை அணுக்களின் மேற்பரப்பில் பி27 புரதம் இருக்கிறதா என்று பார்க்கிறது. பிசிஆர் முறை மரபணுவையே தேடுகிறது. முதல் முறையில் பி27-ஐ ஒத்த பி7 போன்ற வகைகள் சில வேளைகளில் குழப்பம் தரும். ஆகவே ஃப்ளோ சைட்டோமெட்ரி முடிவு தெளிவில்லை என்றோ எல்லைக்கோட்டில் இருக்கிறது என்றோ குறிப்பிடப்பட்டிருந்தால், பிசிஆர் மூலம் உறுதி செய்துகொள்வது நல்லது. வெறும் வயிற்றோடு செல்ல வேண்டியதில்லை. மரபணு மாறுவதில்லை என்பதால், தெளிவான ஒரு முடிவு வந்துவிட்டால் வாழ்நாளில் மறுபடி எடுக்க வேண்டிய தேவையும் இல்லை. அறிக்கையைப் பத்திரப்படுத்தி வைத்தால் போதும்.

‘பாசிட்டிவ்’ என்றால் எவ்வளவு வாய்ப்பு?

இங்கேதான் ஒரு சிறு கணக்கு தேவைப்படுகிறது. இதைப் பொறுமையாகப் போட்டுப் பார்ப்பவர் பிறகு எந்த மரபணு அறிக்கையையும் கண்டு எளிதில் அஞ்சமாட்டார். ஐரோப்பிய வம்சாவளியினரில் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் நோயாளிகளில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோரிடம் பி27 இருக்கிறது; நோயில்லாத மக்களிடையே அது ஏறத்தாழ 8 விழுக்காடு. கணக்கின் எளிமைக்காக நோயுள்ளவர்களில் 90 விழுக்காடு, இல்லாதவர்களில் 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம்.

நாட்பட்ட முதுகுவலி உள்ள 1,000 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். வலியின் குணத்தை ஆராயாமல் பார்த்தால், அவர்களில் சுமார் 50 பேருக்குத்தான் இந்த அழற்சி நோய் இருக்கும். அந்த 50 பேரில் 45 பேருக்கு முடிவு ‘பாசிட்டிவ்’ ஆக வரும். மீதி 950 பேரிலும் 95 பேருக்கு அதே முடிவு வரும். ஆக ‘பாசிட்டிவ்’ வந்த 140 பேரில் நோயுள்ளவர் 45 பேர், அதாவது மூன்றில் ஒருவருக்கும் சற்றுக் குறைவு.

இப்போது மேலே சொன்ன அழற்சி வலியின் குணங்கள் உள்ள 1,000 பேரை மட்டும் எடுத்துக்கொள்வோம். இவர்களில் சுமார் 140 பேருக்கு நோய் இருக்கும். அவர்களில் 126 பேருக்கும், நோயில்லாத 860 பேரில் 86 பேருக்கும் ‘பாசிட்டிவ்’ வரும். 212 பேரில் 126 பேர் என்றால் 59 விழுக்காடு. பரிசோதனைக் கூடமும் முறையும் ஒன்றே. வலியின் குணம் மாறியதால் மட்டும் அதே சொல்லின் எடை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. குதிகால் வலியோ கண் அழற்சியோ சேர்ந்தால் அது இன்னும் கூடும். இதற்கு நேர்மாறாக, எந்த அறிகுறியும் இல்லாத ஒருவர் முழு உடல் பரிசோதனைத் தொகுப்பில் இதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ‘பாசிட்டிவ்’ என்று அறிந்தால், அவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் வாய்ப்பு சில விழுக்காடு மட்டுமே. அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தப் பரிசோதனையை எழுதுவதும் விற்பதும் தேவையற்ற அச்சத்தை விதைப்பது என்பது என் உறுதியான கருத்து.

‘நெகட்டிவ்’ முடிவுக்கும் இதே கணக்குதான். அழற்சி வலியுள்ள அந்த 1,000 பேரில் ‘நெகட்டிவ்’ வந்த 788 பேரில் 14 பேருக்கு நோய் இருக்கும். வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டது. ஆனால் முற்றிலும் நீங்கிவிடவில்லை. சொரியாசிஸோடும் குடல் அழற்சியோடும் சேர்ந்து வரும் முதுகெலும்பு அழற்சியில் பி27 இல்லாதவர்களின் பங்கு இன்னும் அதிகம். இந்தியா உள்ளிட்ட பல நாடுகளின் நோயாளிகளிடையே பி27 விகிதம் ஐரோப்பாவைவிடச் சற்றுக் குறைவாகவே பதிவாகியிருக்கிறது. ஆகவே வலியின் குணம் பொருந்தும்போது ‘நெகட்டிவ்’ என்ற சொல்லைக் காட்டி ஆய்வை நிறுத்திவிடக் கூடாது.

மரபணு இருந்தும் நோய் வராதது ஏன்?

ஆறாவது குரோமோசோமின் குட்டையான கையில் எச்.எல்.ஏ. மரபணுக்கள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. அவற்றில் எச்.எல்.ஏ.-பி என்பது மனிதரிடையே மிக அதிகமாக வேறுபடும் மரபணுக்களில் ஒன்று. அதன் பல்லாயிரம் வகைகளில் பி27 ஒரு குடும்பம். இந்த மரபணு உருவாக்கும் புரதம், செல்லுக்குள் சிதைக்கப்படும் புரதங்களின் சிறு துணுக்குகளை ஏந்திச் செல்லின் மேற்பரப்பில் காட்டுகிறது. அவற்றை நோயெதிர்ப்பு மண்டலத்தின் டி அணுக்கள் பரிசோதித்து, வைரஸ் புகுந்த செல் எது, நல்ல செல் எது என்று பிரித்தறிகின்றன. பி27 உள்ளவர்களிடம் எச்.ஐ.வி. தொற்று பொதுவாக மெதுவாகவே முற்றுகிறது என்பதைப் பார்க்கும்போது, இது நோய்க்கென்றே பிறந்த மரபணு அன்று என்பது விளங்கும்.

பி27-க்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை 1973-இல் லண்டனிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் இரு குழுக்கள் தனித்தனியே அறிவித்தன. இந்தப் புரதம் எவ்வாறு அழற்சியைத் தூண்டுகிறது என்பதற்கு அதன்பின் மூன்று விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. உடலின் சொந்தத் துணுக்கு ஒன்றைக் கிருமியின் துணுக்கைப் போலக் காட்டி டி அணுக்களை ஏமாற்றுகிறது என்பது ஒன்று. புரதம் சரியாக மடியாமல் செல்லுக்குள் தேங்கி நெருக்கடி உண்டாக்குகிறது என்பது மற்றொன்று. இரண்டு பி27 மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டு வேறு நோயெதிர்ப்பு அணுக்களைத் தூண்டுகின்றன என்பது மூன்றாவது. நோயாளிகளின் மூட்டிலும் கண்ணிலும் இருந்து எடுத்த டி அணுக்களின் ஏற்பிகள் உடலின் துணுக்குகளையும் பாக்டீரியத் துணுக்குகளையும் ஒருசேர அடையாளம் காண்பதை 2022-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முதல் விளக்கத்துக்கு இதுவரை கிடைத்த வலுவான சான்றுகளில் அது ஒன்று. குடலின் பங்கும் தெளிவாகிறது. மனித பி27 மரபணு புகுத்தப்பட்ட எலிகளுக்குக் குடலிலும் மூட்டிலும் அழற்சி வந்தது. கிருமிகளே இல்லாத சூழலில் வளர்த்தபோது வரவில்லை.

பி27 எல்லாமும் ஒன்றல்ல. ஐரோப்பாவில் பரவலாக உள்ள 27:05 என்னும் உட்பிரிவு நோயோடு தொடர்புடையது. சார்டினியாத் தீவில் காணப்படும் 27:09 அதிலிருந்து ஒரே ஓர் அமினோ அமிலத்தால் மட்டும் வேறுபட்டும் நோயோடு தொடர்பற்றதாகவே தெரிகிறது. தென்கிழக்கு ஆசியாவின் 27:06 வகையும் அப்படியே. வழக்கமான அறிக்கை இந்த உட்பிரிவைச் சொல்வதில்லை. பெரும்பாலோருக்கு அதைத் தனியே தேட வேண்டியதும் இல்லை.

மேலும், இரட்டையர் ஆய்வுகளின்படி இந்த நோயின் வாய்ப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் மரபைச் சார்ந்தது என்றாலும், அதில் பி27-இன் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான். மீதியில் நூற்றுக்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் சிறு சிறு பங்காகச் சேர்கின்றன. துணுக்குகளை அளவுக்கு வெட்டித் தரும் இ.ஆர்.ஏ.பி.1 அவற்றில் ஒன்று. அதன் விளைவு பெரும்பாலும் பி27 உள்ளவர்களிடமே வெளிப்படுகிறது. நோயெதிர்ப்பு அணுக்களிடையே செய்தி கடத்தும் இன்டர்லூகின்-23 என்னும் புரதத்தின் ஏற்பிக்கான மரபணு இன்னொன்று. இதில் ஒரு பாடமும் உண்டு: இன்டர்லூகின்-23-ஐத் தடுக்கும் மருந்துகள் சொரியாசிஸில் நன்கு பலன் தந்தும், முதுகெலும்பு அழற்சியில் நடந்த மருந்துச் சோதனைகளில் தோற்றன. டி.என்.எஃப்., இன்டர்லூகின்-17 ஆகிய வேறு செய்திப் புரதங்களைத் தடுக்கும் மருந்துகள் இங்கு பலன் தருகின்றன. மரபணு ஒரு பாதையைச் சுட்டுவதாலேயே அந்தப் பாதையை அடைக்கும் மருந்து குணமாக்கும் என்று சொல்லிவிட முடியாது.

அடுத்து செய்ய வேண்டியவை

வலியின் குணமும் ‘பாசிட்டிவ்’ முடிவும் பொருந்தினால் வாத நோய் நிபுணரைப் பாருங்கள். அவர் இடுப்பெலும்பும் திருவெலும்பும் சேரும் மூட்டுகளின் எக்ஸ்ரேயும், அதில் மாற்றம் தெரியாவிட்டால் எம்.ஆர்.ஐ.யும் கேட்பார்; எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம், எம்.ஆர்.ஐ. அதற்கு முன்பே அழற்சியைக் காட்டிவிடும். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். அளவுகள் இயல்பாக இருப்பதால் மட்டும் நோயில்லை என்று ஆகாது. உறுதியானால் முதல் சிகிச்சை தொடர்ந்த உடற்பயிற்சியும் அழற்சி குறைக்கும் வலி மாத்திரைகளும். சிறுநீரகம், வயிற்றுப்புண், இதய நோய் இருப்பவர்கள் அதை மாத்திரை தொடங்குமுன் சொல்ல வேண்டும். டி.என்.எஃப். தடுப்பு மருந்துக்குப் போகும் நிலை வந்தால், உறங்கிக் கிடக்கும் காசநோயைத் தேடும் பரிசோதனையை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. நம் நாட்டில் அது மிக முக்கியம். பெண்கள் இது ஆண்களின் நோய் என்ற பழைய எண்ணத்தால் தாமதமாகவே கண்டறியப்படுகிறார்கள். சந்தேகம் இருந்தால் விடாமல் கேளுங்கள்.

குடும்பத்தினருக்கு என்ன சொல்வது? பி27 உள்ள பெற்றோரிடமிருந்து ஒவ்வொரு குழந்தைக்கும் அது வந்துசேரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. பெற்றோரோ உடன்பிறந்தாரோ நோயாளியாக இருந்து, தானும் பி27 உள்ளவராக இருப்பவருக்கு நோய் வரும் வாய்ப்பு பொதுமக்களைவிடக் கூடுதல். பல ஆய்வுகள் அதைப் பத்து முதல் இருபது விழுக்காடு வரை மதிப்பிடுகின்றன. அப்போதும் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. நோயைத் தடுக்கும் மருந்து எதுவும் இல்லாத நிலையில், நலமாக இருக்கும் குழந்தைக்கு இந்தப் பரிசோதனை செய்வதால் பயனில்லை. அழற்சி வலியின் குணங்களையும் கண் சிவப்பையும் அவர்களுக்குச் சொல்லி வைத்தால் போதும்.

முடக்கு வாதத்துக்கும், உடலின் நோயெதிர்ப்பே பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸுக்கும் இதே வழியை எடுத்துச் செல்ல வேண்டாம். முடக்கு வாதத்தில் எச்.எல்.ஏ.-டி.ஆர்.பி.1 மரபணுவின் சில வகைகள் வாய்ப்பைக் கூட்டுகின்றன. புகைப்பழக்கம் சேர்ந்தால் வாய்ப்பு மேலும் பல மடங்காகிறது. ஆனால் கண்டறிய உதவுவது அந்த மரபணுப் பரிசோதனையன்று, சி.சி.பி. எதிர்ப்பொருள் பரிசோதனை. லூபஸில் சி1கியூ என்னும், நோயெதிர்ப்புக்கு உதவும் நிரப்புப் புரதம் பிறவியிலேயே இல்லாத மிகச் சிலருக்கு நோய் பெரும்பாலும் வந்தேவிடுகிறது. குழந்தைப் பருவத்திலேயே, குடும்பத்தில் பலருக்கு லூபஸ் வரும்போதுதான் மருத்துவர்கள் மரபணு ஆய்வைக் கோருவார்கள். மற்றவர்களுக்குச் செல்லின் கருவை எதிர்க்கும் ஏ.என்.ஏ., டி.என்.ஏ.வை எதிர்க்கும் எதிர்ப்பொருள், சிறுநீர்ப் பரிசோதனை ஆகியவையே வழிகாட்டும்.

மருத்துவரிடம் செல்லும்போது பி27 அறிக்கையோடு ஒரு தாளில் இவற்றையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்: வலி தொடங்கிய வயது, காலை விறைப்பு நீடிக்கும் நேரம், இரவில் விழிப்பது உண்டா, நடந்தால் குறைகிறதா, எந்த மாத்திரைக்கு எத்தனை நாளில் வலி அடங்கியது, கண் சிவந்த நாள்கள், குடும்பத்தில் யாருக்கு என்ன நோய்.