சாத்து, சாத்துங்க: அடி மாறும் ஸ்பானிஷ் வினைகளில் ஏவல்

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் ஸ்பானிஷில் முதலில் தேவைப்படுவது ஏவல்தான். ‘ஜன்னலைச் சாத்துங்க, குரங்கு வரும்’, ‘இந்தப் பாதையிலேயே போங்க’, ‘அஞ்சு மணிக்குள்ள திரும்பிடுங்க’. சிக்கல் எங்கே என்றால், சாத்த, பின்தொடர, திரும்ப என்ற மூன்று வினைகளுக்குமே ஸ்பானிஷில் நடுவில் உள்ள உயிரொலி மாறும்; ‘அடி மாறும்’ என்பது இதைத்தான். நிகழ்காலத்தில் ‘நான்’, ‘அவன்’ வடிவங்கள் தெரிந்திருந்தால் போதும், மீதியை இங்கே பார்த்துவிடலாம்.

உச்சரிப்புக்கு ஒரு குறிப்பு. ‘த்த’, ‘க்க’ என்று இரட்டித்து எழுதியிருந்தால் வல்லோசை. ஒற்றையாக நடுவில் வரும் ‘த’வை ‘அது’வின் து போல மென்மையாகச் சொல்லுங்கள், இந்த ஒலி நமக்குப் பிறவியிலேயே உண்டு. ‘பென்த்தானா’ (ஜன்னல்), ‘புவெல்வா’ போன்றவற்றின் முதல் எழுத்து ‘பஸ்’ஸின் ப.

படி 1: யாரிடம் பேசுகிறோம்?

நம்முடைய ‘நீங்க’ இரட்டை வேலை செய்கிறது. ஒருவருக்கு மரியாதையும் அதுவே, பலரைக் குறிப்பதும் அதுவே. ஸ்பானிஷில் இவை வேறு வேறு: நீ என்றால் தூ, மரியாதைக்குரிய ஒருவர் உஸ்தேத், பலர் உஸ்தேதேஸ். கணவன் மனைவி இருவர் வந்து நின்றாலே உஸ்தேதேஸ்தான். தமிழர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. விருந்தினரிடம் தயங்காமல் உஸ்தேத் வடிவத்திலேயே தொடங்குங்கள்.

படி 2: ‘நான்’ வடிவத்தை எடுங்கள்

அகராதியில் இருக்கும் வடிவத்திலிருந்து நேராக ஏவலுக்குத் தாவாதீர்கள். நடுவில் ‘நான்’ வடிவத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள், மாற்றம் அங்கே தெரிந்துவிடும்.

செர்ரார் (சாத்த) → சியெர்ரோ: எ, இயெ ஆகிறது.
கொன்த்தார் (எண்ண, கதை சொல்ல) → குவென்த்தோ: ஒ, உவெ ஆகிறது.
பெதீர் (வேண்டுமென்று கேட்க) → பீதோ: எ, இ ஆகிறது. ‘ஈர்’ என்று முடியும் வினைகளில் மட்டும்.
ஹுகார் (விளையாட) → ஹுவேகோ: உ, உவெ ஆகிறது. இந்த வகையில் இது ஒன்றுதான்.

ஏன் மாறுகிறது? அழுத்தம்தான் காரணம். செர்ரார் என்னும்போது குரல் கடைசி அசையில் விழுகிறது, எ தப்பித்துக்கொள்கிறது. சியெர்ரோவில் குரல் அந்த எ-யின் மேலேயே ஏறுகிறது, அது இரண்டாக உடைகிறது. ‘வா’ என்பது ‘வருகிறேன்’, ‘வந்தேன்’ என்று குறுகுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது பெரிய அதிர்ச்சி இல்லை.

ஆனால் எல்லா எ-யும் உடையாது. எஸ்ப்பெரார் (காத்திருக்க) எஸ்ப்பெரோ என்றே நிற்கும், ஏவலும் எஸ்ப்பெரே. ‘எஸ்ப்பியெரே’ என்று ஒரு சொல்லே கிடையாது. எது உடையும், எது உடையாது என்பதைச் சொல்லைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வினையைக் கற்கும்போதே ‘செர்ரார், சியெர்ரோ’ என்று ஜோடியாக மனப்பாடம் செய்வதுதான் வழி.

படி 3: கடைசி உயிரைத் திருப்புங்கள்

தமிழில் ‘சாத்து’டன் ‘ங்க’ சேர்த்தால் மரியாதை வந்துவிடும். ஸ்பானிஷில் எதையும் சேர்ப்பதில்லை. கடைசி உயிர்தான் மாறுகிறது. ‘நான்’ வடிவத்தின் ஓ-வை வெட்டுங்கள். ‘ஆர்’ வினை என்றால் ஏ வையுங்கள், ‘ஏர்’, ‘ஈர்’ வினை என்றால் ஆ வையுங்கள். அதுவே உஸ்தேத். பலர் என்றால் இறுதியில் ஒரு ன்.

சியெர்ரோ → சியெர்ரே, சியெர்ரென்
புவெல்வோ (பொல்வேர், திரும்ப) → புவெல்வா, புவெல்வான்
பீதோ → பீதா, பீதான்
சீகோ (செகீர், பின்தொடர) → சீகா, சீகான்

‘நீ’ வடிவம் இன்னும் எளிது. ‘அவன் சாத்துகிறான்’ என்பதற்கான சியெர்ரா அப்படியே ‘சாத்து’ ஆகிவிடும். அதேபோல குவென்த்தா, புவெல்வே, பீதே, சீகே.

இப்போது எதிரெதிரே வையுங்கள். சியெர்ரா என்றால் சாத்து, சியெர்ரே என்றால் சாத்துங்க. ஆனால் பீதே என்றால் கேள், பீதா என்றால் கேளுங்க. ‘ஏ வந்தால் மரியாதை’ என்று பொதுவாக நினைத்துக்கொண்டவர்கள் ‘ஈர்’ வினைகளில் விருந்தாளியை ‘நீ’ போட்டு ஏவிவிடுவார்கள். அவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள், இருந்தாலும் பழக்கம் ஆகிவிடக் கூடாது.

மலையில் உடனே உதவுபவை:

சியெர்ரே லா பென்த்தானா, ஐ மோனோஸ். (ஜன்னலைச் சாத்துங்க, குரங்கு இருக்கு.)
சீகா எல் செந்தேரோ. (பாதையிலேயே போங்க.)
புவெல்வான் ஆன்த்தெஸ் தே லாஸ் சீங்க்கோ. (எல்லாரும் அஞ்சு மணிக்குள்ள திரும்புங்க.)
ப்ருவேபே எல் தே. (டீயைக் குடிச்சுப் பாருங்க.) மூலம் ப்ரொபார்.
குவென்த்தென் லாஸ் கூர்வாஸ்: சொன் தோசியென்த்தாஸ் ஓச்சோ. (வளைவுகளை எண்ணுங்க, 208 இருக்கு.) மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயிலில் குழந்தைகளோடு வருபவர்களுக்கு நல்ல வேலை, 46 கிலோமீட்டரும் பொழுது போகும்.

ஒரு வேடிக்கை: கலென்த்தார் (சூடாக்க) வினையின் உஸ்தேத் வடிவம் காலியென்த்தே. ‘சூடான’ என்ற சொல்லும் அதுவேதான். ‘காலியென்த்தே எல் ஆகுவா’ என்றால் தண்ணியைச் சூடாக்குங்க. ‘ஆகுவா காலியென்த்தே’ என்றால் வெந்நீர். குளிர்காலத்தில் இரண்டாவதுதான் உங்கள் காதில் அதிகம் விழும்.

‘உட்காருங்க’ என்பதற்கு

சென்த்தார்சே (உட்கார) போன்றவற்றில் சே, தே முதலிய குட்டிச் சொற்கள் ஏவலின் வாலில் ஒட்டிக்கொள்ளும்: சியென்த்தாத்தே (உட்கார்), சியென்த்தேசே (உட்காருங்க), சியென்த்தென்சே (எல்லாரும்). வால் நீண்டாலும் அழுத்தம் ‘சியெ’விலேயே இருக்க வேண்டும்; எழுதும்போது அந்த எ-யின் மேல் ஒரு கோடு போடுவது அதற்காகத்தான். பாஸ் காட்டச் சொல்லவும் இதே முறை: முவெஸ்த்ரேமே எல் இ-பாஸ்.

அடங்காதவை

தெனேர் (வைத்திருக்க), பெனீர் (வர), தெசீர் (சொல்ல): ‘நீ’ வடிவத்தில் மூன்றும் குட்டையாகிவிடும்: தென், பென், தீ. உஸ்தேதுக்கு மட்டும் பழைய விதியே வேலை செய்யும்: தெங்கோ → தெங்கா, பெங்கோ → பெங்கா, தீகோ → தீகா. ‘தியெனா’ என்பது இங்கே நடக்கும் வழக்கமான தவறு.

எம்ப்பெஸார் (தொடங்க) வினையில் எம்ப்பியேஸே என்று எழுதும்போது ஸெத்தா (z) எழுத்து ஸே (c) ஆகும்; காதுக்கு வித்தியாசம் தெரியாது.

அர்ஜென்டினாக்காரர்கள் தங்களுக்குள் ‘நீ’ என்பதற்கு செர்ரா என்பார்கள், அடி மாறாமல். அழுத்தம் கடைசி அசைக்குப் போய்விடுவதால் எ உடையவில்லை. அது பிழையென்று திருத்தப் போகாதீர்கள்.

இன்னொன்று: ‘சாத்தாதே’ என்பதற்கு சியெர்ராவின் முன்னால் ‘நோ’ போட்டால் சரியாகாது, ‘நீ’க்கு எதிர்மறை வேறு வடிவம். ‘சாத்தாதீங்க’ என்பதற்கு மட்டும் ‘நோ சியெர்ரே’ என்றால் போதும்.

பயிற்சி

உஸ்தேத் வடிவம் சொல்லுங்கள்: தொர்மீர் (தூங்க), செர்வீர் (பரிமாற), என்செந்தேர் (விளக்குப் போட), மொஸ்த்ரார் (காட்ட), தொமார் (எடுத்துக்கொள்ள).

விடை: துவெர்மா, சீர்வா, என்சியெந்தா, முவெஸ்த்ரே, தொமே. கடைசியில் ‘துவெமே’ என்று சொல்லியிருந்தால் படி 2-இன் எஸ்ப்பெரார் பத்தியை இன்னொரு முறை படியுங்கள்.