சுவரில் டிரில் வைக்கும் முன் ஒரு வாட்ஸ்அப்

பிளம்பிங், எலக்ட்ரிக்கல் என்று சின்னதாக வீட்டு ரிப்பேர் தொழில் செய்கிறீர்களா? பில்லின் அடியில் "எந்தச் சேதத்துக்கும் நாங்கள் பொறுப்பல்ல" என்று அச்சடித்தால் போதும் என நினைக்காதீர்கள். தவறு உங்கள் கவனக்குறைவு என்றால், நுகர்வோர் ஆணையத்தில் அந்த வரி எடுபடுவது கஷ்டம்.

என்ன ஆகக்கூடும் என்பதைக் குறிப்பாக எழுதுங்கள்: "நீங்கள் காட்டிய இடத்தில்தான் துளை போடுகிறோம். சுவருக்குள் மறைத்துப் பதித்த கன்சீல்டு பைப் எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரியாது. உடைந்தால் சரிசெய்யும் செலவு தனி." இதை வேலைக்கு முன்பே அனுப்பி, "சரி" என்று பதில் வாங்குங்கள். முடித்தபின் அனுப்பிப் பிரயோஜனமில்லை. ஏற்கெனவே விரிசல் விட்ட டைல்ஸ் இருந்தால் (பெரும்பாலும் இருக்கும்!) போட்டோவும் சேர்த்து அனுப்புங்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் கொடுக்க 2 ஆண்டு அவகாசம் உண்டு. அதுவரையாவது அந்த மெசேஜ்களை அழிக்காதீர்கள்.