பிளக்ஸ் கறையைத் துணியோடு சேர்த்து எடுங்கள்

சோல்டர் நன்றாக ஒட்டுவதற்காக இடும் பசைதான் பிளக்ஸ். அதன் கறையை எடுக்க, சோல்டர் செய்த சர்க்கிட் போர்டைப் பிரஷால் நேரடியாகத் தேய்க்காதீர்கள். நூல் பிரியாத மெல்லிய துணியை மேலே விரித்து, ஐசோபுரோப்பைல் அல்ககோலால் நனைத்து, துணியின் மேலாகவே பிரஷால் தேய்த்து, ஈரம் காயுமுன் எடுத்துவிடுங்கள். அல்ககோல் பிளக்ஸைக் கரைக்குமே தவிர அகற்றாது. அது ஆவியானதும் கரைந்தது வெண்படலமாகத் திரும்பப் படியும். துணி அதை உறிஞ்சிவிடுகிறது. மஞ்சள் கறை ஏறுவது கண்ணுக்கே தெரியும். வாவியும் கடலும் சூழ்ந்த மட்டக்களப்பின் உப்புக் காற்றில் இதை அலட்சியம் செய்யவே கூடாது: மிஞ்சிய பிளக்ஸ் ஈரத்தை இழுத்துச் செம்புத் தடங்களில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும்.

மைக், ஸ்பீக்கர், திறந்த சுவிட்ச் அருகே வேண்டாம். நீரில் கரையும் பிளக்ஸுக்குக் காய்ச்சி வடித்த நீர்தான் சரி. சோல்டரிங் அயர்னை முதலில் அணைத்துவிடுங்கள். அல்ககோல் சட்டென்று தீப்பற்றும்.